விண்கலத்துக்கு உள்ள இன்டீரியர் டிசைன் பண்ண ஆசையா? பெங்களூர்ல இருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு: படிகள், பேப்பர், செலவு

நான் அல்சூர்ல இருக்கேன், பன்னெண்டு வருஷமா ஃபிளாட், கிளினிக்னு இன்டீரியர் வேலை பண்றேன். விண்வெளிக்குப் போற டூரிஸ்டுங்களுக்கு கேபின் டிசைன் பண்ணணும்னு இறங்கி, நாலு பேர்கிட்ட காட்டற மாதிரி ஒரு போர்ட்ஃபோலியோவும் முழு சைஸ் மாடலும் கையில வர்றதுக்கு பதினாலு மாசம் ஆச்சு, செலவு மூணே கால் லட்சம். அதுல 86,000 ரூபாயும் ஆறு மாசமும் சுத்தமா வீணா போச்சு, காரணம் எதை முதல்ல பண்றது எதை அப்புறம் பண்றதுன்னு சொல்ல ஆள் இல்ல. இப்போ ஒரு ஐரோப்பிய ஸ்டுடியோவுக்கு சீட் பக்கத்துச் சுவர், கைப்பிடி, லைட் இந்த மூணுக்கு மட்டும் சப் காண்ட்ராக்ட்ல வரைஞ்சு குடுக்கறேன். ஏரோஸ்பேஸ் டிகிரி இல்லாத இன்டீரியர் ஆளுங்க, ஆர்க்கிடெக்சர் பசங்க, ப்ராடக்ட் டிசைனர்ங்க, இவங்களுக்காக எழுதறேன்.

1. எந்தப் பயணம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"ஸ்பேஸ் கேபின்"னு பொதுவா ஒண்ணு கிடையாது. மேல போய் மிதந்து பாத்துட்டு உடனே இறங்கற பயணம் ஒண்ணு, பூமிய நாள் கணக்குல சுத்தற பயணம் ஒண்ணு. ரெண்டுக்கும் டிசைன்ல சம்பந்தமே இல்லன்னு சொல்லலாம்.

ப்ளூ ஆரிஜினோட நியூ ஷெப்பர்ட் கேப்ஸ்யூல்ல 6 சீட், உள்ள இருக்கற இடம் 530 கன அடி. நம்ம ஊர் பில்டர் குடுக்கற பத்துக்குப் பத்து பெட்ரூம், பத்தடி உயரம்னு வச்சா 1000 கன அடி, அதுல பாதிதான் இது. மொத்தப் பயணமே சுமார் 11 நிமிஷம், அதுல மிதக்கறது ஏறக்குறைய 3 நிமிஷம். ஸ்பேஸ்எக்ஸ் டிராகன்ல அழுத்தம் உள்ள இடம் 9.3 கன மீட்டர், அதே பெட்ரூம்ல மூணுல ஒரு பங்கு, அதுக்குள்ள 2021 செப்டம்பர்ல இன்ஸ்பிரேஷன்4 பயணத்துல நாலு பேர் மூணு நாள் இருந்தாங்க. முதல்ல சொன்னதுக்கு டாய்லெட் வேணாம், சாப்பாடு வேணாம், தூங்கற இடம் வேணாம். ரெண்டாவதுக்கு எல்லாமே வேணும்.

நான் எடுத்த எடுப்புல விண்வெளி ஹோட்டல் வரைய ஆரம்பிச்சேன், அதான் முதல் தப்பு. புதுசா வர்றவங்க மூணு நிமிஷ பயணத்தையே எடுத்துக்கோங்க. சின்னதா இருக்கும், முடிக்க முடியும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல முடியும்.

2. படம் வரையறதுக்கு முன்னாடி பயணியோட நிமிஷங்கள எழுதுங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலயே முக்கியமான படி, மத்த எதைப் படிக்கலன்னாலும் இதப் படிங்க. நான் முதல்ல ஒருத்தர வச்சு 48,000 ரூபாய்க்கு ரெண்டர் (நிஜம் மாதிரியே இருக்கற கம்ப்யூட்டர் படம்) பண்ணி வாங்கினேன், பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. அதை ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் சார்கிட்ட காட்டினப்போ அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இதுல இருக்கறவங்க எல்லாரும் ஏம்மா நின்னுட்டே இருக்காங்க?" அந்த ரெண்டர்ல எல்லாரும் தரையில நின்னு டேபிள்ல கை வச்சுட்டு ஜன்னலப் பாத்துட்டு இருந்தாங்க. மிதக்கற இடத்துல யார் நிக்கப் போறாங்க. அன்னிக்கே அதைத் தூக்கிப் போட்டுட்டேன்.

அதுக்கு பதிலா ஒரு சாதா ஏ3 பேப்பர் எடுங்க, இடது பக்கம் நேரம், வலது பக்கம் பயணியோட கை, கண்ணு, வயிறு, மனசு அப்படின்னு நாலு கட்டம் போடுங்க. கிளம்பறப்போ உடம்ப சீட்டோட அழுத்துது, மேல ஏறறப்போ சுமார் 3 ஜி, அதாவது நம்ம எடையே மூணு மடங்கா தெரியும், கை தூக்கறதே கஷ்டம், அப்போ கண்ணு மட்டும்தான் வேலை செய்யும், அதனால அந்த நேரத்துல பாக்க வேண்டியது எதுவா இருந்தாலும் சீட்ல சாய்ஞ்சபடியே கண்ணுக்குத் தெரியணும். இன்ஜின் நின்னதும் சத்தம் சட்டுனு போயிடும், பெல்ட்ட கழட்டணும், கை நடுங்கும். அப்புறம் 180 செகண்ட். அதுல பெல்ட் கழட்ட 15, ஜன்னல்கிட்ட போக 10, திரும்பி வந்து சீட்ல உக்காந்து பெல்ட் போட 40னு வச்சீங்கன்னா மிச்சம் ரெண்டு நிமிஷம் கூட இல்ல. அந்த மனுஷன் வாழ்நாள் சேமிப்ப போட்டு வந்த அந்த ரெண்டு நிமிஷத்துல அவர் கண்ணு முன்னாடி என்ன இருக்கணும், கை எதைப் பிடிச்சிருக்கணும், இதைத்தான் நாம டிசைன் பண்றோம்.

இப்படி எழுதினா தேவையில்லாதது தானா விழுந்துடும். உதாரணத்துக்கு வர்ஜின் கேலக்டிக்கோட யூனிட்டி கேபின்ல 16 கேமரா வச்சிருந்தாங்க. போட்டோ எடுக்கற வேலைய கேபினே பாத்துக்கும், பயணி போன எடுத்து வேஸ்ட் பண்ண வேண்டாம். பின் சுவர்ல பெரிய வட்டக் கண்ணாடி ஒண்ணு, தான் மிதக்கறத தானே பாக்கறதுக்கு. அந்தக் கண்ணாடி ஐடியாவ நான் எவ்ளோ தடவ யோசிச்சுப் பாத்திருக்கேன்னு சொல்ல முடியாது, அலங்காரமே இல்ல அது, பயணத்தோட பாதி சந்தோஷம் அதுலதான்.

நேரம்: இந்த ஒரு பேப்பருக்கு ரெண்டு வாரம் ஒதுக்குங்க. செலவு: பேப்பர் காசு.

3. மிதக்கற உடம்பத் தெரிஞ்சுக்கோங்க

எடையில்லாத இடத்துல உடம்பு நேரா இருக்காது. முட்டி லேசா மடங்கும், இடுப்பும் மடங்கும், கை ரெண்டும் தானா முன்னாடி தூக்கிட்டு நிக்கும், தலை கொஞ்சம் குனியும், பார்வை நேர்க்கோட்டுல இருந்து சுமார் 25 டிகிரி கீழ இறங்கும். நாம வீட்ல சுவிட்ச் வைக்கற உயரம், டிவி வைக்கற உயரம் எல்லாம் இங்க தப்பாயிடும். நாள் கணக்குல இருந்தா முதுகெலும்பு நீண்டு உயரம் 3 சதவீதம் வரைக்கும் கூடும், ரத்தமும் நீரும் மேல ஏறி முகம் உப்பும், மூக்கு அடைக்கும், ருசி மங்கும். இதெல்லாம் மனுஷங்க போற விண்கலங்களுக்கு நாசா வச்சிருக்கற 3001ங்கற ஸ்டாண்டர்ட்ல ரெண்டாவது வால்யூம்லயும் அதோட கையேட்டுலயும் இருக்கு, ரெண்டுமே இலவச பிடிஎஃப். காசு குடுத்து யார்கிட்டயும் வாங்காதீங்க, எனக்கு ஒருத்தர் 2,500 ரூபாய்க்கு விக்கப் பாத்தார்.

உடல் அளவுல ஒரு பெரிய பொறி இருக்கு. வெளிநாட்டு டேட்டாவ அப்படியே போட்டுடாதீங்க. நியூ ஷெப்பர்ட் பயணிக்கு வச்ச உயர வரம்பு 5 அடில இருந்து 6 அடி 4 இன்ச் வரைக்கும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க எத்தனை பேர் 5 அடிக்குக் கீழ இருக்காங்கன்னு சுத்திப் பாருங்க. அகமதாபாத் தேசிய டிசைன் கழகம் (என்.ஐ.டி.) 1997ல வெளியிட்ட இந்திய உடல் அளவுகள் தொகுப்பு இருக்கு, டிசைன் காலேஜ் லைப்ரரியில கிடைக்கும், அதையும் பக்கத்துல வச்சுக்கோங்க.

படிச்சா மட்டும் புரியாது. அல்சூர் நீச்சல் குளத்துக்குப் போய், தண்ணிக்குள்ள உடம்ப தளர விட்டு, தம்பிய விட்டு பக்கவாட்டுல இருந்து வாட்டர்ப்ரூஃப் கவர் போட்ட போன்ல வீடியோ எடுக்கச் சொன்னேன். கை எங்க போய் நிக்குதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு, தண்ணியில காதுக்குள்ள மேல கீழ தெரியும், நெஞ்சுல காத்து இருக்கறதால மார்பு மேல தூக்கும், அதனால இத வச்சு அளவு எடுக்காதீங்க, உணர்வுக்கு மட்டும்.

மேல கீழன்னு தெரியாததுதான் பயணிக்கு வயித்தப் புரட்டறதுக்கு ஒரு காரணம். அதனால தரைப்பக்கம் கொஞ்சம் அடர்த்தியான கலர், மேல வெளிர் கலர், எழுத்தெல்லாம் ஒரே திசையில, இது மூணையும் விடாதீங்க. வாந்தி பை கைக்கு எட்டற தூரத்துல, ஆனா கண்ணுக்கு நேரா இல்லாம. எங்க அம்மாவ மாடலுக்குள்ள உக்கார வச்சப்போ அவங்க லைட்டப் பாக்கல, சீட்டப் பாக்கல, "எதடி பிடிச்சுக்கறது?"ன்னு கேட்டாங்க. முட்டி வலிக்காரங்க, பஸ்ல ஏறினாலும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க. அதுக்கப்புறம்தான் கைப்பிடிகள எண்ணினேன், ஆறு பேருக்கு நாலுதான் வச்சிருந்தேன். இப்போ என் டிசைன்ல எந்த இடத்துல மிதந்தாலும் ஒரு கை நீளத்துல ஒரு பிடி இருக்கும்.

4. ஜன்னல்தான் கேபின், மத்ததெல்லாம் ஒதுங்கணும்

நியூ ஷெப்பர்ட் ஜன்னல் ஒவ்வொண்ணும் சுமார் 43 இன்ச் உயரம், 28 இன்ச் அகலம், ஆளுக்கு ஒண்ணு. சர்வதேச விண்வெளி நிலையத்துல குப்போலான்னு ஏழு ஜன்னல் வச்ச கூண்டு இருக்கு, நடு ஜன்னல் 80 செ.மீ. விட்டம். வாஸ்ட் கம்பெனி ஹேவன்-1ங்கற தன்னோட தனியார் விண்வெளி நிலையத்துக்கு காட்டின டிசைன்ல மேப்பிள் மர ஃபினிஷும் 1.1 மீட்டர் டோம் ஜன்னலும். எல்லாரும் காசக் கொட்டறது ஜன்னல்லதான்.

நீங்க ஜன்னல் சைஸ மாத்த முடியாது, அது ஸ்ட்ரக்சர் இன்ஜினியர் வேலை. ஆனா அதைக் கெடுக்க உங்களால முடியும். நம்ம பெங்களூர் கிளையண்டுங்களுக்குப் பிடிச்ச பளபளன்னு இருக்கற ஹை கிளாஸ் வெள்ளை இருக்கே, அதை ஜன்னல் பக்கத்துல வச்சீங்கன்னா பயணி பூமிக்கு பதிலா தன் மூஞ்சியையும் பின்னாடி இருக்கற லைட்டையும்தான் பாப்பார். ஜன்னல சுத்தி ஒரு முழம் அகலத்துக்கு மேட் ஃபினிஷ், இருண்ட கலர், லைட் எதுவும் கண்ணாடிய நேரா பாக்கக் கூடாது, மிதக்கற அந்த நேரத்துல கேபின் லைட் தானா மங்கணும், திரும்பி சீட்டுக்கு வர வேண்டிய நேரத்துல மெல்ல ஏறணும். லைட்ட வச்சே "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லலாம், சைரன் அடிச்சுப் பயமுறுத்த வேண்டாம்.

செலவில்லாம டெஸ்ட் பண்ற வழி: ராத்திரி ரூம இருட்டாக்கி, டிவியில நாசா இலவசமா போட்டிருக்கற பூமி வீடியோவ ஓட விட்டு, முன்னாடி ஒரு அக்ரிலிக் ஷீட்ட நிறுத்தி, உங்க லைட்ட போட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல எது தப்புன்னு தெரிஞ்சுடும்.

5. முழு சைஸ் மாடல் கட்டுங்க

விஆர் ஹெட்செட் போதும்னு சொல்வாங்க, போதாது, முழங்கை இடிக்கறது விஆர்ல தெரியாது. முழு கேபின் கட்ட வேண்டாம், ரெண்டு சீட்டும் ஒரு ஜன்னலும் வர்ற மாதிரி மூணுல ஒரு பங்கு போதும்.

முதல்ல அட்டையில, வீட்டு மாடியிலயே. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின் அட்டைகள கடையில கேட்டா குடுப்பாங்க. அதுல மூணு தடவ மாத்தினதுக்கு அப்புறம்தான் சின்னச் சின்ன ஃபேக்டரிங்க இருக்கற பீன்யா பக்கம் போங்க. எனக்குக் கிடைச்ச ஃபேப்ரிகேட்டர் தர்மபுரிக்காரர், நான் படத்த விரிச்சதும் அவரே சொன்னார், "மேடம், இத நட்டு வச்சா என்ன தெரியும், தொட்டில் மாதிரி ரெண்டு பக்கமும் பேரிங் போட்டுடறேன், திருப்பித் திருப்பிப் பாருங்க." அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தை என் மாடலையே மாத்திடுச்சு. நிமிர்த்தி வச்சா தரையில நிக்கற நிலை, மல்லாக்க சாய்ச்சா கிளம்பற நிலை, பக்கவாட்டுல போட்டா சுவரே தரையாகி கை எங்க எட்டுதுன்னு பாக்கலாம்.

எனக்கு ஆன கணக்கு: ஷெட் வாடகை மூணு மாசத்துக்கு 36,000, இரும்பு ஃப்ரேம் 41,000, பிளைவுட்டும் ஃபோம் போர்டும் 27,000, பழைய கார் சீட் ரெண்டு 9,000, எஸ்.பி. ரோட்டுல வாங்கின லைட், டிம்மர் எல்லாம் 11,500, கூலி 48,000. மொத்தம் 1,72,500. மழைக்காலத்துல ஷெட் எடுக்காதீங்க, பிளைவுட் ஊறி ஒரு பேனல் வீங்கிடுச்சு.

ஒரு சின்ன விஷயம், பேனல எல்லாம் கழட்டி மாட்டற மாதிரி பண்ணுங்க. இன்ஸ்பிரேஷன்4ல டாய்லெட் குழாய் ஒண்ணு கழண்டு சிறுநீர் தரைக்கு அடியில போயிடுச்சு. அழகான சுவருக்குப் பின்னாடி கை போக வழி இருக்கணும். அதே மாதிரி காத்து வர்ற ஓட்டைய மறைக்காதீங்க, எடையில்லாத இடத்துல சூடான காத்து மேல போகாது, ஃபேன் இல்லன்னா விட்ட மூச்சு மூஞ்சிகிட்டயே நிக்கும்.

6. மெட்டீரியல்: இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க

மூணு விஷயம் மட்டும் சொல்றேன்.

முதல்ல தீ. நாசாவோட 6001 ஸ்டாண்டர்ட்ல முதல் டெஸ்ட், துணியோ பேனலோ நிமிர்த்தி வச்சு அடியில பத்த வைப்பாங்க, 15 செ.மீ. தாண்டறதுக்குள்ள தானா அணையணும். இங்க ஆரம்பத்துக்கு விமான கேபின் ஸ்டாண்டர்ட் எஃப்.ஏ.ஆர். 25.853 பாஸ் ஆன மெட்டீரியல்ல இருந்து தேர்ந்தெடுங்க, பெங்களூர்ல ஏவியேஷன் சப்ளையர்ங்ககிட்ட சாம்பிள் கிடைக்கும். ஆனா சர்டிபிகேட்ட வாங்கினதும் தடிமன் என்னன்னு பாருங்க. எனக்கு ஒரு சப்ளையர் குடுத்த பேப்பர்ல டெஸ்ட் பண்ணது 6 மி.மீ., எனக்கு அனுப்பினது 3 மி.மீ. தடிமன் மாறினா, பின்னாடி ஒட்டற பசை மாறினா, அந்த சர்டிபிகேட் செல்லாது. ஒட்டினதுக்கு அப்புறம் இருக்கற மொத்த அடுக்கையும்தான் டெஸ்ட் பண்ணணும்.

ரெண்டாவது வாசனை. மூடின கேபின்ல பசை, ஃபோம், பெயிண்ட் விடற வாயு எங்கயும் போகாது, ஆள்தான் சுவாசிக்கணும். கார்பென்டர்ங்க வழக்கமா யூஸ் பண்ற ரப்பர் பசைய மாடலோட நிறுத்திக்கோங்க. இங்க ஒரு குழப்பத்துலதான் என் 38,000 போச்சு: ஏ.எஸ்.டி.எம். இ595ன்னு ஒரு டெஸ்ட், வெற்றிடத்துல 125 டிகிரியில 24 மணி நேரம் வச்சு எடை எவ்ளோ குறையுதுன்னு பாப்பாங்க. அது வெற்றிடத்துல இருக்கற சாமான்ல இருந்து கிளம்பறது லென்ஸ், சென்சார் மேல படியுமான்னு பாக்கற டெஸ்ட். ஆள் இருக்கற கேபினுக்குத் தேவை நச்சு வாயு டெஸ்ட், அது வேற. லேப்ல "ஸ்பேஸ்னா இதுதான் எல்லாரும் எடுப்பாங்க"ன்னு சொன்னாங்க, நானும் கேக்காம கட்டிட்டேன். என்ன கேள்விக்கு பதில் வேணும்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, அப்புறம் டெஸ்ட் பேர் சொல்லுங்க. என்.ஏ.பி.எல். (டெஸ்ட் லேப்களுக்குத் தர்ற தேசிய அங்கீகாரம்) அந்த லேபுக்கு இருந்தா மட்டும் போதாது, அந்த குறிப்பிட்ட டெஸ்ட்டுக்கு இருக்கான்னு பாருங்க.

மூணாவது எடை. ஒவ்வொரு பொருளுக்கும் கிராம் போட்ட ஒரு ஷீட் வச்சுக்கோங்க. ஸ்டுடியோல என் ரெண்டர விட இந்த ஷீட்டத்தான் அதிக நேரம் பாத்தாங்க.

7. பேப்பர் வேலை

டிசைன் பதிவு: இது முதல்ல, போட்டோ போடறது அப்புறம். இந்தியாவுல டிசைன்ஸ் சட்டம் 2000 படி, பதிவுக்கு முன்னாடியே வெளிய காட்டின டிசைன் புதுசு கிடையாது. கைப்பிடி நல்லா வந்துடுச்சுன்னு சந்தோஷத்துல இன்ஸ்டாகிராம்ல போட்டீங்கன்னா அதோட போச்சு. ஃபாரம் 1, தனி ஆளுக்கு அரசு ஃபீஸ் ஒரு டிசைனுக்கு 1,000 ரூபா. பதிவு 10 வருஷம், இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். நான் ரெண்டு டிசைனுக்கு ஏஜெண்டோட சேத்து 18,000 குடுத்தேன், சர்டிபிகேட் வர அஞ்சு மாசம் ஆச்சு. படத்துல ஏழு கோணமும் சரியா இல்லன்னா ஆட்சேபணை வரும், அதுல ரெண்டு மாசம் போகும்.

காண்ட்ராக்ட்: போட்டிகள்ல கலந்துக்கறதுக்கு முன்னாடி விதிமுறைய கடைசி வரி வரைக்கும் படிங்க. ஒரு போட்டியில அனுப்பின டிசைன் எல்லாம் நடத்தறவங்களுக்கே சொந்தம்னு ஒரு வரி இருந்துச்சு, நான் அனுப்பினதுக்கு அப்புறம்தான் பாத்தேன், என் முதல் சீட் டிசைன் இப்போ எனக்குச் சொந்தமில்ல. ரகசிய ஒப்பந்தம் வந்தா, "இதுக்கு முன்னாடி நான் பண்ணது என்னுது"ன்னு ஒரு பட்டியல் இணைச்சுக் கையெழுத்துப் போடுங்க.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு: அமெரிக்கக் கம்பெனிகள்ல இந்த வேலைக்கு பெரும்பாலும் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டோ கேப்பாங்க, அவங்க ஐட்டார்ங்கற ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி அப்படி, மனசொடிஞ்சு போகாதீங்க, நேரத்தையும் அங்க போடாதீங்க. நம்ம பக்கத்துலயும் அனுமதி இல்லாம ஏற்றுமதி பண்ணக் கூடாததுக்கு ஸ்கோமெட்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல அஞ்சாவது பிரிவு ஏரோஸ்பேஸ். ஈமெயில்ல டிராயிங் அனுப்பறதும் ஏற்றுமதிதான். சீட் கவரும் லைட்டும் அதுல வருமான்னு நானும் பயந்தேன், ஒரு ஆலோசகர்கிட்ட 6,000 ரூபா குடுத்து எழுத்துல வாங்கி வச்சுக்கிட்டேன். நீங்களும் எழுத்துல வாங்குங்க.

விண்வெளிக்கு அனுப்பறதுக்கான அனுமதி இன்-ஸ்பேஸ்ங்கற அரசு அமைப்புகிட்ட வாங்கறது விண்கலத்த இயக்கற கம்பெனியோட வேலை, வரையறவங்க வேலை இல்ல.

பணம் வர்றதுக்கு: சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அரசு தளம் மாதிரியே இருக்கற தளங்கள்ல காசு கட்டாதீங்க. ஜிஎஸ்டி இருந்தா வெளிநாட்டு பில் போடறதுக்கு முன்னாடி எல்.யு.டி. (வரி கட்டாம ஏற்றுமதி பண்றதுக்கான உறுதிமொழி) போடுங்க, வருஷா வருஷம் புதுப்பிக்கணும், நான் ஏப்ரல்ல மறந்துட்டு ஒரு பில்ல நிறுத்தி வைக்க வேண்டியதாப் போச்சு. வெளிநாட்டுல வரி பிடிச்சா கழிச்சுக்க, நீங்க இந்தியாவுல வரி கட்டறவங்கன்னு காட்டற டேக்ஸ் ரெசிடென்சி சர்டிபிகேட் கேப்பாங்க, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணுங்க.

8. யார்கிட்ட, எப்போ காட்டறது

இஸ்ரோ ஹெட் ஆபீஸ் நம்ம நியூ பெல் ரோட்லதான், மனித விண்வெளிப் பயண மையமும் இங்கதான், ஆனா வாசல்ல போய் நின்னா உள்ள விட மாட்டாங்க. வழி எக்ஸ்போதான். ஏரோ இந்தியா ஒத்தைப்படை வருஷம் பிப்ரவரியில எலஹங்காவுல, அதுல பிசினஸ் நாள் பாஸ் எடுங்க, பொதுமக்கள் நாள்ல ஸ்டால்ல பேச முடியாது. பெங்களூர் ஸ்பேஸ் எக்ஸ்போ துமகூர் ரோட்டு பிஐஇசி கண்காட்சி மையத்துல, 2022லயும் 2024லயும் நடந்துச்சு. மெட்ரோ இப்போ மாதாவரா வரைக்கும் போகுது, ஸ்டேஷன் பக்கத்துலயே.

இந்தியாவுக்கே 2035க்குள்ள ஒரு விண்வெளி நிலையம் கட்டற திட்டம் இருக்கு, அதுக்குள்ள ஆளுங்க நாள் கணக்குல இருக்கப் போறாங்க. இன்னிக்கு மாடல் கட்டற பசங்களுக்கு அப்போ முப்பது, முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும். படிக்கணும்னா ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துல ஸ்பேஸ் ஆர்க்கிடெக்சர்க்கே தனி எம்.எஸ். இருக்கு. காசு இல்லன்னா விண்கலத்துக்குள்ள ஆள் வாழற சூழல் பத்தின ஐசிஇஎஸ் மாநாட்டுக் கட்டுரைகள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆன்லைன் களஞ்சியத்துல இலவசமா படிக்கலாம், நான் தினமும் ஒண்ணுன்னு நாலு மாசம் படிச்சேன், ஸ்டுடியோ இன்டர்வியூல கேட்டதுல பாதி அதுல இருந்துதான்.

எக்ஸ்போவுக்குப் போறப்போ லேப்டாப்ப நம்பிப் போகாதீங்க, பத்துக்கு ஒன்பது ஸ்டால்ல உக்கார நேரம் இருக்காது. நான் கொண்டுபோனது மூணே பொருள்: அந்த ஏ3 நிமிஷப் பேப்பர், எடை ஷீட், துணி சுத்தின ஒரு கைப்பிடி. கைப்பிடிய அவங்க கையில குடுத்துட்டு, "கண்ண மூடிக்கிட்டுப் பிடிச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் ஜன்னல்னு தெரியுதா?"ன்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் மட்டும் தையல் மேடா வர்ற மாதிரி பண்ணியிருந்தேன். மூணாவது ஸ்டால்ல ஒருத்தர் கண்ணத் திறக்காமயே சரியா திரும்பினார், அவர் குடுத்த கார்டுலதான் இப்போ இருக்கற வேலை வந்துச்சு.